மார்ச் 20 அன்று நீ ஒரு குச்சி நட வேண்டும்

பிப்ரவரி 8

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் வலி முன்பு இருந்ததைப் போலவேதான். மாடிப்படி ஏற வேண்டாம் என்றால் கேட்பதில்லை. தொலைபேசியில் நீ "பள்ளியில் என்னம்மா விசேஷம்?" என்று கேட்கிறாய். நான் சொல்லத் தொடங்கியதும் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். நேராக அதற்குத் தாவிவிடாதே, முதலில் சேதிகளைப் படி.

சென்ற வாரம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் கண் பரிசோதனை. வந்திருந்த செவிலியர் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, ஆறு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு கிழித்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தினார். முன்னால் நிற்பவன் சொல்வதைப் பின்னால் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததில், வரிசை பாதி நகர்வதற்குள் பலகை முழுவதும் எல்லாருக்கும் மனப்பாடம். வாய்ப்பாட்டை ஒரு நாளும் இத்தனை வேகமாக இவர்கள் படித்ததில்லை. செவிலியருக்கு இது புதிதல்ல போலும். சிரித்துக்கொண்டே வேறு பலகையை எடுத்து மாட்டினார். மூன்று கால் உள்ள ஆங்கில 'ஈ' எழுத்து மட்டும் மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பி நிற்கும் பலகை. கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் விரலை நீட்ட வேண்டும். அதை மனப்பாடம் செய்ய முடியவில்லை.

அப்போதுதான் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அகப்பட்டாள். இடது கண்ணை மூடியபோது கடைசி வரி வரை சரியாகக் காட்டினாள். வலது கண்ணை மூடச் சொன்னதும் தலையை மெல்லச் சாய்த்து, விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறாள். செவிலியர் தன் கையால் மூடினார். குழந்தை கையைத் தட்டிவிட்டாள். மறுபடியும் மூடினார், மறுபடியும் தட்டிவிட்டாள். "அடம் பிடிக்கிறாள்" என்றார் அவளுடைய வகுப்பு ஆசிரியை. "அடம் இல்லை டீச்சர், அந்தக் கண் அவளுக்குத் தெரியவில்லை" என்றார் செவிலியர். ஒரு கண் நன்றாக இருந்தால் மூளை அதையே நம்பிக்கொண்டு மற்றதை விட்டுவிடுமாம். பிள்ளை முறையிடவும் மாட்டாள். இரண்டு கண்ணாலும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தால்தானே? ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, மந்தமான கண்ணுக்கு வேலை கொடுத்தே பெரும்பாலும் மீட்டுவிடலாம்; வயது ஏற ஏறக் கடினம். இப்போது அவள் ஒரு கண்ணில் ஒட்டுத் திரையுடன் வருகிறாள். தினமும் ஒரு படம் வரைந்த திரை. வகுப்பில் பாதிப் பேர் தங்களுக்கும் அது வேண்டும் என்று வீட்டில் அழுகிறார்களாம்.

வெள்ளிக்கிழமை கடைசி மணியை மாற்றிவிட்டோம். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படக்கதை வாசித்துக் காட்ட வேண்டும். சின்னவர்களுக்காகத்தான் தொடங்கினேன். பலன் பெரியவர்களுக்கு. என் வகுப்பில் ஒருவன் தன் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுவான். எழுத்துக் கூட்டுவதை மற்றவர்கள் கேட்கிறார்களே என்ற கூச்சம். ஒன்றாம் வகுப்புக் கதைப் புத்தகத்தை அவன் படித்தால் வேறு எங்கேயாவது கேலி செய்வார்கள். இங்கே அதுவே அவன் கடமை! அவனுக்கு வாய்த்த குட்டியோ பொல்லாதது. பக்கத்தைத் தானே புரட்டிவிட்டு "நாய் ஏன் இங்கே படுத்திருக்கிறது?" என்று கேட்கிறது. இவன் திணறிப்போனான். மறு வாரம் வியாழக்கிழமையே என்னிடம் வந்து, "டீச்சர், நாளைக்கு உள்ள புத்தகத்தை இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பைக்குள் வைத்துவிட்டான்.

விளையாட்டு விழாவைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு கொடுங்கள் என்று ஒரு கட்சி, வெல்வதற்குப் பழக வேண்டாமா என்று ஒரு கட்சி. எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை. எல்லாருக்கும் பதக்கம் மாட்டினாலும் யார் முதலில் வந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நம்மைத்தான் அசடு என்று நினைப்பார்கள். என் கோபமெல்லாம் ஆளை வெளியேற்றும் ஆட்டங்களின் மேல். இசை நாற்காலியில் முதலில் வெளியே போகிறவன் யார்? அதிகம் ஓடிப் பழக வேண்டியவன்தான். அவனை உட்காரவைத்துவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவனை இன்னும் ஓடவிடுகிறோம். ஆகவே இந்த முறை தொடர் ஓட்டம்தான் அதிகம். சாக்கு ஓட்டம் உண்டு; சாக்குகளில் இரண்டு கிழிந்திருக்கின்றன, தைக்க வேண்டும்.

இனி வரப்போகிறவை. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 1952இல் டாக்காவில் வங்கமொழிக்காகப் போராடி உயிர்விட்டவர்களின் நினைவாக யுனெஸ்கோ 1999இல் அறிவித்த நாள். பேச்சுப் போட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள், ஒன்று முதல் பத்து வரை மற்றவர்களுக்குக் கற்றுத்தரப் போகிறார்கள். மூன்றாம் வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் இருக்கிறான். அன்று அவனே ஆசிரியர். தலைமை ஆசிரியருக்கும் அவன்தான் சொல்லித்தர வேண்டும் என்று இப்போதே முடிவாகிவிட்டது.

மார்ச் 14 சர்வதேசக் கணித நாள். வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணின் மதிப்பு ஏறக்குறைய 3.14 என்பதால் அந்தத் தேதி. மாதத்தை முதலில் எழுதும் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வேடிக்கை இது, நம் வழக்கப்படி 14.3 என்றல்லவா வரும் என்று நான்காம் வகுப்பு ஆசிரியை முணுமுணுக்கிறார். பிள்ளைகள் நூலும் வட்டமான பொருள்களும் கொண்டுவர வேண்டும்: மூடி, வாளி, நாணயம், வளையல். சைக்கிள் சக்கரம் நான் ஏற்பாடு செய்கிறேன். சுற்றளவை நூலால் எடுத்து, அதைக் குறுக்களவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 3.14 என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. நாணயத்திலும் சக்கரத்திலும் மூன்று முறையும் கொஞ்சமும் என்றே வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துக் கூச்சல் போட்டால் போதும்.

நூலால் சுற்ற முடியாத பெரிய வட்டத்தை எப்படி அளப்பது? அது மார்ச் 20க்கு. உன் வேலை அன்றைக்குத்தான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர் எரட்டோஸ்தனிஸ். தெற்கே சையீன் என்ற ஊரில் கோடையின் மிக நீண்ட பகல் அன்று நண்பகலில் சூரிய ஒளி கிணற்றின் அடிவரை நேராக விழும், நிழலே இருக்காது என்று கேள்விப்பட்டார். அதே நாள், அதே நண்பகலில் அலெக்சாந்திரியாவில் நிழல் இருந்தது. அந்த நிழல் காட்டிய கோணத்தை அளந்தார்: வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (அக்காலக் கிரேக்கர்களின் நீள அளவு) தூரம் என்று வைத்துக்கொண்டு ஐம்பதால் பெருக்கினார்; பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம். அந்த ஸ்டேடியம் எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் வழியில் பிழையில்லை. ஒரு குச்சி, ஒரு நிழல், தொலைவில் இன்னோர் ஆள். எங்களுக்கு அந்த இன்னோர் ஆள்தான் இல்லை.

இதை வகுப்பில் சொன்னதும் ஒரு பெண் எழுந்து, "அட்லஸிலேயே போட்டிருக்கிறதே டீச்சர், எதற்கு அளக்க வேண்டும்?" என்றாள். நியாயமான கேள்வி. "அட்லஸ்காரருக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன். யோசித்தாள். "அவர் அதற்கு முந்திய அட்லஸைப் பார்த்திருப்பார்." "அதற்கு முந்தியவர்?" அவள் உட்காரவே இல்லை. மணி அடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். இப்போது குச்சிக்கு அவள்தான் பொறுப்பு.

ஒத்திகை ஒன்று நடத்திவிட்டோம். மீட்டர் அளவுகோலை மைதானத்தில் நட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் செங்குத்தா என்று பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கல் வைத்தார்கள். கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஆனது. நிழல் இன்னும் குறுகிக்கொண்டே போகிறது! பள்ளிக் கடிகாரம் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கடிகாரத்தின் மேல் தவறில்லை. நம் கடிகாரம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தீர்க்கக்கோட்டின் நேரம். ஒரு பாகை தள்ளியிருந்தால் நான்கு நிமிடம் மாறும். அதோடு பிப்ரவரியின் நடுவில் சூரியனும் சராசரி நேரத்துக்கு ஏறக்குறைய 14 நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். மார்ச் 20 வாக்கில் அது ஏழெட்டு நிமிடமாகக் குறைந்துவிடும். எனவே நீயும் கடிகாரத்தை நம்பாதே. உன் ஊரில் நிழல் எப்போது மிகக் குறுகுகிறதோ அதுதான் உன் நண்பகல். இணையத்தில் அந்த நேரம் கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். பார்க்காதே, ஐந்தாம் வகுப்பு விதி உனக்கும் உண்டு.

ஏன் மார்ச் 20 என்று கேட்பாய். பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நாள். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்பதால், நண்பகலில் குச்சிக்கும் சூரியக் கதிருக்கும் இடையே கிடைக்கும் கோணமே அந்த ஊரின் அட்சரேகை. இன்னொரு வேடிக்கை, அன்று நிழலின் நுனி வளையாமல் நேர்கோட்டிலேயே நகரும். கற்கள் வரிசையாக நிற்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நீ இருப்பது எங்களுக்கு நேர் வடக்கில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வடக்குத் தெற்காக எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் கணக்கு. சாலைத் தூரம் உதவாது. வரைபடத்தில் அளந்து எடுத்துக்கொள்வார்கள். நாம் இருவரும் நிலநடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருப்பதால் கோணங்களைக் கழிக்க வேண்டும். 360 பாகைக்குள் அந்த வித்தியாசம் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்த்து, அத்தனையால் தூரத்தைப் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

விடை ஏறக்குறைய 40,000 கி.மீ. வர வேண்டும். அது ஏன் இத்தனை முழுமையான எண் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், அன்று எனக்கு விருந்துதான். 1790களில் பிரான்ஸில் மீட்டரை வகுத்தபோது, துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றே வைத்தார்கள். ஆக, மைதானத்தில் நட்டிருக்கும் அந்த அளவுகோலே பூமியிலிருந்து பிறந்ததுதான். நமக்கு 36,000 வந்தாலும் 45,000 வந்தாலும் நான் திருத்தப் போவதில்லை. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலம். நிழலின் ஓரம் மங்கலாகத்தான் விழும். குச்சி துளி சாய்ந்தாலும் பிழை வரும். எங்கே தவறியது என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி. சமமான தரை, மொட்டை மாடி என்றால் மழைநீர் வழிவதற்காகச் சரிவு வைத்திருப்பார்கள், அதைக் கவனி. செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் சாவி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். உத்தேசமாக எப்போது உச்சி என்று முந்திய நாளே நிழலைக் கொண்டு பார்த்துவைத்துக்கொண்டு, அதற்கு அரை மணி முன்பே தொடங்கு. நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வா. நிழல் மறுபடியும் நீளத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். அன்று மேகம் மூடிவிட்டால் காலையிலேயே சொல்லிவிடு, 21க்குத் தள்ளிவைப்போம். இரண்டு பேரும் ஒரே நாளில் அளக்க வேண்டும், அதில் மட்டும் மாற்றம் கூடாது. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேள். காரணம் கேட்டால் பூமியை அளக்கப் போகிறேன் என்று சொல், பொய் இல்லையே.

பிள்ளைகள் உன்னிடம் கேள்வி கேட்பார்கள். டீச்சரின் மகன் என்று தெரிந்துவிட்டது. நீ இதே வகுப்பில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாய், அடி வாங்கியிருக்கிறாயா என்பது வரை பட்டியல் தயார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

பாகைமானி இப்போது உன்னிடம் இருக்காது. தேடி அலையாதே. நிழலின் மிகக் குறைந்த நீளத்தைச் சென்டிமீட்டரில், அந்த நேரத்தோடு அனுப்பு. குச்சியைப் பத்து சென்டிமீட்டராகச் சுருக்கித் தாளில் முக்கோணம் வரைந்து கோணம் எடுக்க இவர்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா