"உறுதி செய்த பிறகு" வேண்டாம்

மின்சாரம், எரிவாயு, குடிநீர், கழிவுநீர்ச் சேவைகளை நடத்தும் நிர்வாகத்தினருக்குக் களப்பணியாளர்களும் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்களும் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

அவசரகாலப் பணிவிதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆபத்தைக் கண்ட பணியாளர் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் உறுதி செய்த பிறகு தகவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கிருந்து தீயணைப்புத் துறைக்கு. இதிலுள்ள "உறுதி செய்த பிறகு" என்ற மூன்று சொற்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மார்ஷல் ஊருக்கு அருகே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று பிளந்தது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணிகள் அடித்தன. கசிவு என்று யாரும் நினைக்கவில்லை. குழாய்க்குள் எண்ணெய்த் தொடர் அறுந்து இடைவெளி விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இரண்டு முறை பம்பை மறுபடி ஓட்டினார்கள். வெளியேறிய எண்ணெயில் 81 சதவீதம் அந்த இரண்டு ஓட்டத்தில்தான் போனது. அன்றிரவே நாற்றம் அடிக்கிறது என்று மக்கள் அழைத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் எரிவாயுக் கசிவு என்று எண்ணித் தேடிவிட்டுத் திரும்பினார்கள். 17 மணி நேரம் கழித்து எண்ணெய் நிறுவனத்துக்குச் செய்தி சொன்னவர் அந்த நிறுவனத்தின் ஆளே அல்ல, அப்பகுதி எரிவாயு நிறுவனத்தின் ஊழியர். தன் குழாய் இல்லையே என்று அவர் போயிருந்தால் கேட்பாரில்லை. அடுத்தவர் குழாய், அடுத்தவர் கம்பி என்றாலும் சொல்லியாக வேண்டும் என்பதையும் விதியில் எழுதுங்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலத்தின் சான் புரூனோவில் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், குழாய் உடைந்திருக்கக்கூடும் என்ற அறிகுறி தெரிந்ததுமே அந்தப் பகுதி அவசர உதவி மையத்துக்கு உடனே, நேரடியாகச் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. உடைந்தது என்றல்ல, உடைந்திருக்கக்கூடும் என்று. எங்கள் விதிகளில் இல்லாதது அந்தக் "கூடும்" தான்.

நேரடியாக என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவசர எண்ணுக்குப் போகும் அழைப்பை, அழைப்பவர் இருக்கும் இடத்தை வைத்தே திருப்பிவிடுவார்கள். 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டுப்பாட்டு அறை அதே எண்ணை அழுத்தினால், கட்டுப்பாட்டு அறை இருக்கும் நகரத்து மையம்தான் எடுக்கும். ஆகவே முதல் அழைப்பு களத்தில் நிற்பவரின் கைபேசியிலிருந்து போகட்டும், கட்டுப்பாட்டு அறைக்கு இரண்டாவது. கட்டுப்பாட்டு அறையிடம் ஒவ்வொரு பகுதித் தீயணைப்பு நிலையத்தின் முழுத் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

அறுந்து கிடக்கும் மின்கம்பியில்தான் "உறுதி செய்" என்பது அதிகம் வதைக்கிறது. "ஃபீடரில் (அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதையில்) மின்சாரம் ஓடுகிறதே, பிரேக்கர் விழுந்து இணைப்பைத் துண்டிக்கவில்லையே, கம்பி எப்படி அறுந்திருக்கும்?" என்று மேலிருந்து கேள்வி வரும். காய்ந்த மணலிலோ தார்ச்சாலையிலோ விழுந்த கம்பியிலிருந்து தரைக்குப் போகும் மின்னோட்டம் சில ஆம்பியர் மட்டுமே இருக்கலாம். பிரேக்கரை விழச் செய்யும் ரிலேயை வைத்திருப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு. அதன் கண்ணுக்கு இது சாதாரண லோடு. பிரேக்கர் விழுந்துவிட்டது என்றாலும் நிம்மதி இல்லை. ரீகுளோசர் என்ற தானியங்கிக் கருவி சில நொடிகளில் மறுபடி மின்சாரம் விடும். அதையும் நிறுத்தினால், ஒரு வீட்டு ஜெனரேட்டர் தவறான இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தால் போதும், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர் அழுத்தம் பின்னோக்கி ஏறும்.

எனவே அழைப்பில் சொல்ல வேண்டியது: கம்பி தரையில் கிடக்கிறதா, தொங்குகிறதா, இரு பக்கத்துக் கம்பங்களின் எண்கள், வேலி, வாகனம், தேங்கிய நீர் எதையாவது தொடுகிறதா, வாகனத்துக்குள் ஆள் உண்டா. உண்டென்றால், தீப்பிடித்தாலொழிய இறங்கக் கூடாது என்று தள்ளி நின்றே கத்திச் சொல்ல வேண்டும். மற்றவர்களைக் குறைந்தது 10 மீட்டர் விலக்க வேண்டும்; கோபுரத்துக் கம்பி என்றால் இன்னும் தொலைவுக்கு.

பதில் தகவலில் மூன்று நிலையைக் கலக்கவே கூடாது: நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், நிறுத்தியாயிற்று, சோதித்து எர்த் போட்டாயிற்று. "ஆஃப் ஆயிடுச்சு" என்ற ஒரே சொல் இந்த மூன்றுக்கும் ஓடுகிறது. தீயணைப்பு வீரர் கம்பிக்கு அருகே போகலாம் என்று பொருள் தருவது மூன்றாவது மட்டுமே.

எரிவாயுவில் சிக்கல் எண்ணில். "மீட்டரில் 20 காட்டுது" என்றால் எதில் 20? குழாய் எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும்போது தீப்பிடிக்கும். கீழ் எல்லையில் 20 சதவீதம் என்றால் காற்றில் 1 சதவீதம், இன்னும் பற்றாது. காற்றிலேயே 20 சதவீதம் என்றால் மேல் எல்லையைத் தாண்டியது; சன்னலைத் திறந்ததும் இறங்கி, வெடிக்கும் அளவு வழியாகத்தான் போகும். அலகு சொல்லாத எண் எண்ணே அல்ல. அழைப்பதும் கட்டடத்தை விட்டு விலகிய பிறகே.

கழிவுநீர்க் குழியில், அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். "நாற்றம் குறைஞ்சிருச்சு" என்ற செய்தியை எந்தக் கட்டுப்பாட்டு அறையும் நல்ல செய்தியாக எழுதிக்கொள்ளக் கூடாது. உள்ளே எத்தனை பேர், கடைசியாக எப்போது குரல் கொடுத்தார்கள் என்பதே முதல் கேள்வி. அழைத்தவரிடம், இறங்காதே என்பதே முதல் கட்டளை.

குடிநீரைச் சுத்திகரிக்க வைத்திருக்கும் குளோரின் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், பள்ளம் தேடும். காற்றுத் திசையை "கிழக்குக் காற்று" என்று சொன்னால் கேட்பவர் பாதிப்பேர் கிழக்கே போகிறது என்று எழுதுவார்கள். "பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிறது" என்று சொல்லப் பழக்குங்கள். கசியும் சிலிண்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிட வேண்டும். ஈரம் பட்டால் அரித்து ஓட்டை பெரிதாகும்.

பொய்யாய்ப் போன தகவலுக்கு மெமோ கொடுப்பதை நிறுத்துங்கள். ஒருவருக்குக் கொடுத்த மெமோவைப் பார்த்தே அடுத்த பத்துப் பேர் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று நிற்பார்கள். விளக்கம் கேட்பதானால் தாமதத்துக்குக் கேளுங்கள். அதற்கு லாக் புத்தகத்தில் மூன்று நேரம் வேண்டும்: கண்ட நேரம், அழைத்த நேரம், எதிர்முனை ஒப்புக்கொண்ட நேரம். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஷிஃப்ட் முடிவில் எழுதியது.

விதித் திருத்தத்துக்கு மாதங்கள் ஆகும், அது தெரிந்ததே. அதுவரை ஒரு வேலை. உங்கள் அவசரத் தொடர்புப் பட்டியலில் உள்ள நிறுவன எண்கள் ஒவ்வொன்றையும் ஓர் இரவு 2 மணிக்கு அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காத எண்களை அடித்துவிட்டு, திருத்திய பட்டியலை எல்லா வண்டிகளுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
களப்பணியாளர்கள், கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள்