செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் இயங்கும் நமது பழைய கார் உரிமையாளர் சங்கத்தின் இவ்வாண்டு நடவடிக்கைகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஊர்வலப் படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நமது ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக்கே கொடுக்கிறேன்.

சென்ற பேரவையில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டது நினைவிருக்கும். அம்பாசடர் இன்ஜினைக் காதால் கேட்டே பழுது சொன்ன மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள், இனி யாரிடம் போவது என்றார். நம் இன்ஜினை நாமே திறக்கக் கற்றுக்கொள்வது என்று அன்றே முடிவெடுத்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, உறுப்பினர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற மெக்கானிக் பெரியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து சொல்வார். ஸ்பேனரைப் பிடிப்பது வண்டிக்காரர். எவ்வளவு நேரமானாலும் அவர் கையிலிருந்து வேறு யாரும் ஸ்பேனரை வாங்கக் கூடாது.

இவ்வாண்டின் பெரிய வேலை, ஆகஸ்டில் வந்த 1489 சிசி அம்பாசடர். உரிமையாளர் மகிழ்ச்சியோடுதான் வந்தார். பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த டேப்பெட் சத்தம், அதாவது வால்வை அமுக்கும் பாகங்கள் எழுப்பும் தட்டல் ஓசை, தானாகவே அடங்கிவிட்டது என்றார். அதைக் கேட்டதும் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வால்வுகளை அமுக்கும் ராக்கர் கைகளுக்கு மேலுள்ள மூடியான ராக்கர் கவரைக் கழற்றச் சொன்னார்.

இந்த இன்ஜினில் எட்டு வால்வுகள். எட்டாவது முழுதாக அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதன் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவேயுள்ள இடைவெளியை அளக்க வேண்டும்; ஆறாவது அமுங்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இருக்க வேண்டிய இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வந்தோம். நான்காவது, இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. அங்கே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜின் 0.10 மில்லிமீட்டர் இலைகூட நுழையவில்லை.

காரணத்தைப் பெரியவர் நிதானமாக விளக்கினார். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது வால்வும் அதன் இருக்கையும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்குப் பின் நீண்ட தூரம் ஓடிய பழைய வண்டிகளில், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்ட இருக்கை மெல்லத் தேய்கிறது. வால்வு உள்ளே புதைய, அதன் தண்டு மேலே ஏறி இடைவெளியைத் தின்றுவிடுகிறது. சத்தம் நிற்பது அதனால்தான். வால்வு சரியாக மூடாவிட்டால் அதன் சூடு இறங்க வழியில்லாமல் விளிம்பு கருகிவிடும். டேப்பெட் இலேசாகச் சத்தமிட்டால் கவலை வேண்டாம், சத்தம் தானாக நின்றால் உடனே திறந்து பாருங்கள் என்று அவர் சொன்னதை எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

ஹெட்டைக் கழற்றி பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பொருத்தி வாங்கினோம். வால்வுகளுக்கு அரைபசை தடவித் தேய்த்தது உரிமையாளரும் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளும். இருக்கையைச் சுற்றி அறுபடாத ஒரு சாம்பல் வளையம் தெரியும்வரை அந்தப் பெண் விடவில்லை. இன்று அந்த வண்டியில்தான் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள்.

என் பிழை ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். என் ஃபியட்டின் ஹெட்டைப் பூட்டும்போது போல்ட்டுகளைக் கைப்பழக்கத்தை நம்பி, ஓரத்திலிருந்து இறுக்கிக்கொண்டே போனேன். இரண்டே நாளில் ஆயில் மூடியின் அடியில் பால்நுரை போல் வெண்மை படிந்திருந்தது. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, அளவோடு இறுக்க வேண்டும். அம்பாசடருக்கு 40 பவுண்டு-அடி என்றால் 40தான். அதன் பிறகே, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் ஒன்றைச் சங்கம் வாங்கியது. இரவல் கேட்பவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம்.

வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். முன் டயரின் மேல் உட்கார்ந்தே கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிட நல்ல இன்ஜின் இல்லை.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரம் சவ்வும் அதைத் தாங்குவதில்லை. டிசம்பர் பட்டறையில் ஒரு குழாயை விரலால் அழுத்தியபோது ஊறிய தோல் போல் குழைந்தது. சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே அப்படி ஒரு குழாய் இருப்பது தீயை அழைப்பதாகும். எத்தனாலைத் தாங்கும் குழாய்க்கு மாறாதவர்கள் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓடாத வண்டியின் டேங்கில் ஈரம் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ‘விஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், இன்ஜினிலும் மாற்றம் இருக்கக் கூடாது. டீசல் இன்ஜின் மாற்றலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லியே தடுத்து வருகிறேன். உங்கள் பழைய இன்ஜினைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒரு ஞாயிறு அதைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பேடு தொடங்க எண்ணியுள்ளோம். எட்டு வால்வுகளின் இடைவெளி, பிளக்கின் நிறம், ஆயில் மாற்றிய தேதி ஆகியவற்றை அவரவர் கையாலேயே எழுதிவர வேண்டும். பெரியவர் சொல்லும் குறிப்புகளை எழுதிவைக்க இளைய உறுப்பினர் இருவர் முன்வந்துள்ளனர். கொட்டகை தந்த குடும்பத்துக்கும், பட்டறைதோறும் காபி தந்த அந்த வீட்டு அம்மையாருக்கும் சங்கத்தின் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்