ரேடியோக்காரர் பேத்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கோ சந்தித்தவர் கடைசியில் நம் சொந்தத்துக்குச் சொந்தமாக இருப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் தற்செயல் என்கிறார் கட்டுரையாளர். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், அப்புறம் பாருங்கள்.

என் மகள் குவைத்தில் நர்ஸ். போன வருஷம் ஒரு வயதான அரபு அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துவந்த வீட்டுவேலைப் பெண் தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டு, "எந்த ஊரும்மா?" என்றிருக்கிறாள். "ஹட்டன்." இலங்கை மலைநாட்டு ஊர் அது. அங்கே தாத்தா இருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை மகள் சொன்னதும், "நாங்க அங்கதான், மேல்கணக்கு" என்று தோட்டத்தின் மேல் பிரிவைச் சொன்னாளாம் அந்தப் பெண். அவள் அன்றிரவே ஹட்டனுக்குப் போன் போட்டுத் தன் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். பாட்டி கேட்ட முதல் கேள்வி: "ரேடியோக்காரர் பேத்தியா?"

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ரேடியோ வைத்திருந்தது அப்பா ஒருவர்தான். அந்தப் பட்டப்பெயரை நானே மறந்துபோயிருந்தேன்.

யோசித்தால் இதில் அதிசயம் குறைவு. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்த கங்காணிகள் ஆள் பிடித்ததே சொந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான். எங்கள் லயத்தில் பாதிப் பேர் துறையூர்ப் பக்கத்துக்காரர்கள். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அத்தை குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. மண்டபம் முகாம், பிறகு நீலகிரி, மறுபடியும் தேயிலை. இன்றும் இங்கே நாங்கள் 'சிலோன்காரங்க'தான். அங்கே தங்கியவர்களின் பேத்தி வீட்டுவேலைக்கு வளைகுடா போகிறாள், இங்கே வந்தவர்களின் பேத்தி நர்ஸாகப் போகிறாள். ஒரே லயத்துப் பேத்திகள் குவைத்தில் சந்திக்காமல் வேறெங்கே சந்திப்பார்கள்?

முன்பின் தெரியாத ஒரு பாஸ்டன் பங்குத் தரகருக்குத் தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று கடிதத்தைக் கைமாற்றி அனுப்பச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் மில்கிராமின் சோதனையைச் சொல்லி, இடையில் ஐந்து பேர் இருந்தால் யாரையும் எட்டிவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். சரி. ஆனால் மில்கிராமும் அவருடன் ஆய்வு செய்த டிராவர்ஸும் 1969இல் வெளியிட்ட கணக்கின்படி, 296 பேரிடம் தொடங்கியதில் 64 கடிதங்கள் மட்டுமே அந்தத் தரகரிடம் போய்ச் சேர்ந்தன. மற்றவை வழியிலேயே நின்றுபோயின. அவற்றைப் பற்றி யாரும் வியந்து பேசுவதில்லை.

அத்தையின் கடிதங்கள் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1977 கலவரத்தோடு நின்றுவிட்டன. ஹட்டன் பாட்டிக்கு அத்தையையும் நினைவிருக்கிறது. "வவுனியாப் பக்கம் போனாங்க" என்றாராம். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் கிளினிக்குக்கு இலங்கைக்காரர் யார் வந்தாலும், மாத்திரை சாப்பிடும் நேரத்தைச் சொல்லிவிட்டு, வவுனியாவில் யாரையாவது தெரியுமா என்று மகள் விசாரிக்கிறாள்.

- ஒரு வாசகர், கோத்தகிரி