கூடாரம் இருக்கிறது, அடிக்க இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு காரில் மலை ஏறி, கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் பெங்களூரில் இருக்கும் என் மகன் படம் பிடித்து அனுப்பியிருந்தான். "அப்பா, இந்த முறையும் போவோமா?" என்று அடியில் ஒரு கேள்வி. அந்த 'முறையும்' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் 28 ஆண்டுகள் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஜீப்பில் ஏற்றி இறக்கியவன். உங்கள் கட்டுரையில் கூடாரத்தின் விலை, காற்றடைக்கும் மெத்தை, சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் இருந்தன. அந்தக் கூடாரத்தை யாருடைய நிலத்தில் அடிப்பது என்பது மட்டும் இல்லை. எங்கள் மலையில் சும்மா கிடக்கும் நிலம் என்று ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடையாது. வனத்துறை நிலம், தேயிலைக் கம்பெனி நிலம், ஏலத்தோட்டக்காரர் நிலம், இவ்வளவுதான். சாலையோரம் பச்சையாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தால் பொது இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கம்பத்தில் பிறந்த என் மகனும் அப்படித்தான் நினைத்தான்.

போன மே மாதம் நாங்கள் போட்ட திட்டம் இது: போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலை. மூன்று இரவு, நான்கு பகல். காலையில் கிளம்ப வேண்டியவர்கள் மூட்டை கட்டி முடித்தபோது மணி மூன்று. போடி மலை அடிவாரத்து முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, வேலை முடிந்த தொழிலாளர் ஜீப்புகள் எதிரே வரிசையாக இறங்கின. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எங்கள் ஆட்கள் அதைப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆகவே அந்த நேரத்தில் ஏறாதீர்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆனையிறங்கல் அணைக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவில் மகன் வண்டியை நிறுத்தினான். கீழே தண்ணீர் தெரிந்தது, தரை சமமாக இருந்தது. பேரப்பிள்ளைகள் கம்பிகளைக் கோத்து, கூடாரம் பாதி எழுந்துவிட்டது. மங்கிக் குல்லாய் போட்ட தோட்டக் காவலாளி ஒருவர் கம்போடு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் கார் டிக்கியைக் கம்பால் மெல்லத் தட்டி, "பலாப்பழம் வாங்கினீர்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

வாங்கியிருந்தோம். பூப்பாறையில் வாங்கி, பாதி அறுத்துத் தின்றுவிட்டு, மீதியைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தோம். "அணைக்கு அந்தப் பக்கம் நான்கு ஆனைகள் நிற்கின்றன. இந்த வாசனைக்கு நீந்தி வந்துவிடும்" என்றார். பாட்டனார் காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்த குடும்பமாம் அவருடையது.

ஊர்ப் பெயரிலேயே ஆனை இறங்குகிறது! 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை எங்கள் கம்பம் தெருக்களில் ஓடியபோது, 144 தடை போட்டு, கதவை அடைத்துக்கொண்டு கிடந்தோம். அதற்கு முந்தைய மாதம் அந்த யானையை முதலில் பிடித்தது பக்கத்துச் சின்னக்கானலில்தான். அதை மறந்துவிட்டு அங்கேயே போய்ப் பலாப்பழத்தோடு கூடாரம் கட்டினேன் என்றால் என்னை என்ன சொல்வது?

காவலாளியே போன் போட்டு, வந்த வழியில் தெரிந்த ஏலத்தோட்டக்காரர் ஒருவரின் ஸ்டோர் (காய் உலர்த்தும் கட்டடம்) முற்றத்தில் இடம் கேட்டு வாங்கினார். காய் எடுப்பு இல்லாத மாதம் என்பதால் ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. சிமென்ட் தரையில் முளை இறங்கவில்லை. நான்கு மூலையிலும் கல்லைக் கட்டி நிறுத்தினோம். நடுச்சாமத்தில் கோடை மழை பிடித்தது. முற்றம் சரிவாக இருந்ததால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிட்டது. பூட்டிய கதவுக்குள்ளிருந்து விடிய விடிய ஏலக்காய் மணம். காலையில் அந்த வீட்டம்மா கட்டன் சாயாவும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் கொடுத்துவிட்டு, பணம் வாங்க மாட்டேன் என்றார். பேரப்பிள்ளைகள் இன்றுவரை சொல்லும் கதை அந்த இரவுதான்.

இரண்டாம் இரவு இணையத்தில் பணம் கட்டிய முகாம். பெயர் வேண்டாம். பாறை விளிம்பில் 14 கூடாரங்கள், இரண்டு கழிப்பறைகள், பாதி ராத்திரி வரை ஒலிபெருக்கி. அனுமதிச் சான்றைக் காட்டச் சொன்னால், "எல்லாம் இருக்கிறது சார்" என்றார்கள்; காட்டவில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடிப் பக்கம் கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை அடித்துக் கொன்றது. அதற்குப் பிறகாவது சான்றைப் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாம் இரவு மறையூரில் அறை எடுத்தோம். கூடாரம் போதும் என்று முதலில் சொன்னவன் மகன்தான். மறுநாள் சின்னாறுக்கு இறங்கும்போது பிரேக் கருகும் வாடை வந்தது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது ஜீப்காரன் பாலபாடம். ஆனால் பெங்களூர்க்காரனுக்கு நான் சொன்னால் ஏறாது.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடாரத்தின் முன்னால் விறகு கொழுந்துவிட்டு எரிகிறது, சுற்றிலும் காய்ந்த புல். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேனி மாவட்டத்தில் அந்தப் படத்தை யாரும் ரசித்திருக்க மாட்டார்கள். மாசி, பங்குனியில் எங்கள் மலைக்குக் கூடாரத்தோடு வராதீர்கள். ஆடி மழையிலும் வேண்டாம். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மண் மூடி 70 பேர் போனது 2020 ஆகஸ்ட் 6 இரவில். அரையாண்டு விடுமுறை பரவாயில்லை. ஆனால் அது சபரிமலைக் காலம். நெரிசல் நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. காரில் வரும் குடும்பத்துக்கும் அப்படி ஒரு வசதி வேண்டும். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து, எந்தெந்த முகாமுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் முந்தல், லோயர்கேம்ப், கம்பம்மெட்டு அடிவாரம் மூன்றிலும் பலகையாக வைக்கட்டும். பெரிய செலவில்லை. நீங்களும் அடுத்த கட்டுரையில் மெத்தைக்கு முன்னால் இடத்தைப் பற்றி எழுதுங்கள்.

மகனுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. நேற்று அந்த ஏலத்தோட்டக்காரருக்குப் போன் போட்டு, டிசம்பரில் முற்றம் கிடைக்குமா என்று கேட்டேன். அப்போது ஸ்டோரில் காய் உலர்ந்துகொண்டிருக்குமாம், முற்றம் கிடைக்காதாம். மாட்டுக்கொட்டகைப் பக்கம் வேண்டுமானால் அடித்துக்கொள்ளச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர் ஒருவர்,
கம்பம்.