சுவர் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்காக்கள், அண்ணன்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

போன வாரம் எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பேசக் கிடைத்த நேரம் பொன்னாடை போர்த்தியவர்களுக்கு நன்றி சொல்லவே சரியாகிவிட்டது. சுவரோவியம் வரையும் இந்த வேலையில் என்னை நிலைக்க வைத்தவர்கள் ஒருவர்கூட அந்த மேடையில் இல்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் சினிமா பேனர் வரைந்த அண்ணன்களுக்கு. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் உருவம் வரையக் கற்றேன், உண்மைதான். ஆனால் மூன்று மாடி உயரச் சுவரில் கட்டம் போடுவதும், நூலில் பொடி தடவி அடித்துக் கோடு எடுப்பதும், தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு முகம் கோணாமல் தெரிய எங்கே நீட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்ற கணக்கும் உங்களிடமிருந்து வந்தவை. பிளெக்ஸ் வந்து உங்கள் பிழைப்பே போய்க்கொண்டிருந்த நேரத்திலும் வித்தையை ஒளிக்காமல் கொடுத்தீர்கள்.

அடுத்து சென்னை பெசன்ட் நகர் பக்கத்து மீனவர் ஊரான ஊரூர் ஆல்காட் குப்பத்து மக்களுக்கு. 2015-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்கள் உங்களோடு சேர்ந்து அங்கே கலை விழா தொடங்கினார்கள். சபாவில் கேட்கிற பாட்டும் பறையாட்டமும் ஒரே மேடையில் நடந்தன. கலைஞன் ஊருக்குள் வந்தால் விருந்தாளிதான், வீட்டுக்காரர்கள் நீங்கள்தான் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

அப்புறம் சென்னையின் கண்ணகி நகர் மக்களுக்கு. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் மற்ற இடங்களிலிருந்தும் உங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே குடிவைத்தார்கள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 2020-ல் பெரிய சுவரோவியங்கள் வந்ததும் கேமராவோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், அது நல்லதுதான். அதற்குப் பிறகு ஒரு சின்ன பிளாக்கில் வரையலாம் என்று நான் வந்து நின்றபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர், "படம் போடு தம்பி, வேணாம்னு சொல்லல, ஆனா இந்தக் கழிவுக் குழாய் ஒழுகுதே, அதுக்கு யார்கிட்ட போறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் என் பெரிய நன்றி. ஒழுகுகிற குழாயை அப்படியே விட்டுச் சாயம் அடித்தால் ஓதம் ஏறி, உப்பு பூத்து, அடுத்த மழைக்குள் ஓவியம் உரிந்து விழும். அதைவிட முக்கியம், நாற்றத்துக்கு நடுவில் வாழ்கிறவர்களிடம் அழகைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு எல்லோருமாகச் சேர்ந்து மனு எழுதினோம், கையெழுத்து வாங்கினோம், உரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். அங்கே எங்களை அலைக்கழித்தார்கள், வரிசையில் முன்னால் நின்ற அக்காக்கள் விடவில்லை. குழாய் மாறிய பிறகுதான் பட்டி பார்த்து, பிரைமர் அடித்தோம். இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் குழாயையும் தண்ணீரையும்தான் கேட்கிறேன். சுவரோவியம் ஒன்றே ஒரு பகுதியை மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

சவுக்குக் கம்பில் சாரம் கட்டித் தந்த அண்ணன்களே, உங்கள் கட்டை நம்பித்தான் மேலே ஏறினேன். கடனுக்கு எமல்ஷன் கொடுத்த கடைக்காரரே, மிச்சம் பாக்கியை இந்த மாதம் தீர்த்துவிடுகிறேன். உச்சிவெயிலில் மோர் அனுப்பிய வீடுகளுக்கும், பள்ளி விட்டதும் ஓடிவந்து வாளியைக் கழுவித் தந்த பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

பொங்கல் முடிந்ததும் கண்ணகி நகரில் அதே பிளாக்கின் பின்பக்கச் சுவருக்குச் சாரம் கட்டுகிறோம். 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடிய நம் கண்ணகி நகர் கார்த்திகாவை வரையச் சொல்கிறார்கள் பிள்ளைகள். எனக்கும் ஆசைதான், ஆனால் அவர் வீட்டில் கேட்காமல் பென்சிலைத் தொடமாட்டேன். ஞாயிறு மாலை படிக்கட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம், எல்லோரும் வந்துவிடுங்கள்.