பி.எஸ்சி. கணிதத்துக்குக் கடன் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து உங்கள் நாளிதழில் கல்லூரி விளம்பரம் இல்லாத பக்கமே இல்லை. ஏசி வகுப்பறை, நீச்சல் குளம், ஊர் ஊருக்குப் பஸ், கடைசியில் பொடி எழுத்தில் "கல்விக்கடன் ஏற்பாடு செய்து தரப்படும்" என்று ஒரு வரி. கட்டணம் எவ்வளவு என்று மட்டும் யாரும் போடுவதில்லை. பொதுத்துறை வங்கி ஒன்றில் கல்விக்கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பொடி எழுத்தைப் பற்றி, குறிப்பாக பி.எஸ்சி. கணிதம் சேரப்போகிற பிள்ளைகளின் பெற்றோருக்காக, இதை எழுதுகிறேன்.

கணிதம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணக்கில் ருசி உள்ள பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் பொறியியலில் தள்ளுவதைவிட பி.எஸ்சி.யில் விடுவது எவ்வளவோ மேல். ஆனால் இந்தப் படிப்பில் சம்பளம் தாமதமாகத்தான் வரும், தவணையோ சீக்கிரமே வந்து நிற்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம்தான் அவகாசம். கணிதத்திலோ பட்டம் 3 வருடம், எம்.எஸ்சி. 2, பி.எட். 2, அப்புறம் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருப்பு வேறு. முதுகலை ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டால் அடிப்படைச் சம்பளமே 36,900 ரூபாய்; நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. நல்ல பணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அது தேறியவர்களுக்கு, அதுவும் பல வருடம் கழித்து. அதுவரை தனியார் பள்ளியில் பன்னிரண்டாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் பாடம் நடத்துகிறவர்களைத்தான் நான் கவுண்டரில் அதிகம் பார்த்திருக்கிறேன். பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து வேலையோடு மேற்படிப்பும் படிக்க வைக்கிற ஐடி கம்பெனிகள் உண்டு. அதை நம்பிக் கடன் வாங்க முடியாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். விடுதியும் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சம், ஆக 3 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும்போதும் அவகாச வருடத்திலும் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு 4 வருட வட்டி, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 2, மொத்தம் 90,000. தவணை தொடங்குகிற அன்று கடன் 3,90,000 ஆக நிற்கும். 7 வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 6,470 ரூபாய், அதாவது 12,000 சம்பளத்தில் பாதிக்கு மேல். 15 வருடத்துக்கு நீட்டிக்கொள்ளலாமே என்பார்கள். நீட்டினால் தவணை 4,190 ஆகக் குறையும், கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏழரை லட்சம் போயிருக்கும்.

7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கமாட்டார்கள் என்று தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர் என்பதும், தவணை நின்றால் அவர்கள் சிபிலும் (கடன் மதிப்பெண்) சேர்ந்தே கெடும் என்பதும் பிறகுதான் உறைக்கிறது. எங்கள் கிளைக்கு ஒரு நெசவாளி வருவார். மகள் பள்ளி டீச்சர். ஒரு மே மாதம், விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள் போல. மனைவியின் சங்கிலியை நகைக்கடன் கவுண்டரில் வைத்து, எண்ணிக் கொடுத்த பணத்தைப் பையில்கூடப் போடாமல் அப்படியே என் கவுண்டருக்குக் கொண்டுவந்து மகளின் தவணையைக் கட்டிவிட்டுப் போனார். ரசீது போட்டுக் கொடுப்பதைத் தவிர நான் என்ன செய்ய?

இத்தனைக்கும் எங்கள் கும்பகோணத்திலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. (ராமானுஜன் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தது இங்கேதான்.) அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணமே கிடையாது, மற்ற கட்டணங்களும் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியானாலும் அரசுக் கல்லூரியானாலும் பட்டம் தருவது அதே பாரதிதாசன் பல்கலைக்கழகம். பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருடம் 80,000, அதில் 60,000 ரொக்கமாகக் கைக்கு வரும். நிஜமாகவே கணக்கில் புலி என்றால் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத். (கணித இளங்கலைப் பட்டம்) நுழைவுத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். அங்கே இடம் கிடைத்தால் படிக்கிறவருக்கே மாதாமாதம் பணம் தருகிறார்கள். கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மேற்படிப்புக்கு வாங்கட்டும், அப்போது வேலை எந்தப் பக்கம் என்றாவது கொஞ்சம் தெரிந்திருக்கும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அவகாசக் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தான். பி.எஸ்சி. கணிதத்துக்கு இல்லை. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி என்ற கல்விக்கடன் திட்டத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, ஆனால் பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால்தான். சம்பளம் தாமதமாக வருகிற படிப்புக்குத்தானே வட்டிச் சலுகை முதலில் வேண்டும்? நம் எம்.பி.க்கள் இதைக் கேட்கலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கல்லூரி விளம்பரத்தில் கல்விக்கடன் என்ற சொல் இருந்தால், மூன்று வருடக் கட்டணத்தையும் அதற்கு ஆகும் மாதத் தவணையையும் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். விளம்பரப் பிரிவில் முகம் சுளிப்பார்கள், தெரியும்.

ஏற்கெனவே கடன் வாங்கிவிட்டவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டப் பாருங்கள். முதல் லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய்தான் வரும், அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கிற வங்கிகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.