சைகோன் அத்தை பொருட்டு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் கதையின் கைப்பிரதியும் வந்து சேர்ந்தன. மூட்டு வலி தணிந்து மஞ்சக்குப்பம் மைதானம் வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

கதைக்கு வருகிறேன். பெரியத்தையின் வாழ்க்கையை நீ எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெரியத்தைக்குப் பரிசம் போட்ட மாமா வியட்நாமில் கட்டிக்கொண்ட சைகோன் அத்தையை மாயக்காரி ஆக்கிவிட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

1946 கடைசியில் இந்தோசீனாவில் மூண்ட போர், 1954 ஜூலையில் ஜெனீவா உடன்பாட்டோடுதான் ஓய்ந்தது. ஒரு காலனியைத் தக்கவைத்துக்கொள்ள பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய சண்டைக்கு இன்னொரு காலனியான எங்கள் புதுச்சேரியின் பிள்ளைகள் சம்பளத்துக்குப் போனார்கள். பரிசம் போட்ட கையோடு மாமாவைக் கப்பலேற்றி அனுப்பியவர்கள் இரு வீட்டுப் பெரியவர்கள்தான். சொல்தாவுக்கு, அதாவது பிரெஞ்சுப் படைவீரருக்கு, பிற்காலத்தில் பென்ஷன் உண்டு என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. உன் கதையில் இது ஒரே வரியில் போய்விடுகிறது.

சைகோன் அத்தையின் நிலைமையையும் யோசித்துப் பார். தன் நாட்டோடு சண்டையிடும் படையில் இருந்தவரைக் கட்டிக்கொண்டார். போர் முடிந்ததும் சொந்த ஊரில் இருக்க முடியாமல் கைக்குழந்தையோடு புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்தார். அதற்குள் 1954 நவம்பர் 1 அன்று இங்கேயும் பிரெஞ்சு ஆட்சி கைமாறிவிட்டது. தன் கணவருக்காக இந்த ஊரில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது வந்து இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரியும். மாமாவிடம்தான் எனக்கு இன்றுவரை மனத்தாங்கல். கல்யாணம் ஆன பிறகும் பெரியத்தைக்கு 'விரைவில் வருகிறேன்' என்று எழுதிக்கொண்டே இருந்தாரே!

மாமாவின் குடும்பம் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துத் தனிச்சட்டத்தைத் துறந்த குடும்பம். அதனால் அவர்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம்தான்; அது ஒரு மனைவியைத்தான் ஏற்கும். சைகோன் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், மனைவியாகப் பதிவாகியிருந்தது சைகோன் அத்தையின் பெயர். "கோயிலில் தாலி கட்டினால் போதும், பதிவு எதற்கு?" என்று பெரியவர்கள் பெரியத்தையை வற்புறுத்தினார்கள். அவர் மறுத்ததைக் கோபம் என்று நீ எழுதியிருக்கிறாய். "எனக்குப் பாதி வேண்டாம், அவளுடையதில் பாதியைப் பிடுங்கவும் வேண்டாம்" என்றுதான் அவர் என்னிடம் சொன்னார். இது கோபமா, நீயே சொல்.

அத்தைகள் இருவரும் பேசிக்கொண்டது பிரெஞ்சில். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு வியட்நாமிய மொழி தெரியாது. கான்வென்டில் படித்த பிரெஞ்சு பெரியத்தைக்குக் கைகொடுத்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருவரும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாயோ என்ற வியட்நாமியப் பொரித்த சுருள் பலகாரம் சுருட்டுவார்கள். அரிசித்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் பரப்பி, கிழியாமல் மடிக்க வேண்டும். பெரியத்தை சுருட்டியது எண்ணெயில் பிரிந்துவிடும். சைகோன் அத்தை ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வார்.

மாமா இறந்த பிறகு விதவைப் பென்ஷன் சைகோன் அத்தைக்கு வந்தது. உயிரோடு இருப்பதற்கான சான்றுக்காக ஆண்டுதோறும் மரின் வீதியிலுள்ள பிரெஞ்சு தூதரகத்துக்குப் போக வேண்டும். கூடப் போனது பெரியத்தைதான். பாரங்களை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். இதை நீ எழுதவேயில்லை!

இரண்டாம் பகுதியைத் திருத்தி எழுது. மாமாவின் கடிதங்கள் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பொங்கலுக்கு முன் ஒரு நாள் பஸ் ஏறி வா, உட்கார்ந்து படிக்கலாம். வரும்போது உன் எக்ஸ்ரேயையும் எடுத்து வா, இங்கே எனக்குத் தெரிந்த மருத்துவரிடம் காட்டலாம்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி
புதுச்சேரி